சுவரில் தேய்க்காதவன்

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மதிய வெயில் பன்றிகளின் முதுகில் வட்டம் வட்டமாக விழுகிறது. தாய்ப் பன்றி மறுபடியும் சுவரில் தோளைத் தேய்க்கிறது. அந்தச் சொரசொரப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கொட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கும் அவள் பல்லைக் கடிக்கிறாள். சொறிப் பூச்சிக்கு இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை ஊசி போட்டாயிற்று. கொட்டிலை மருந்து ஊற்றிக் கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. "மருந்தே டூப்புடி," என்கிறான் கணவன், கடைசித் தடுப்பில் சாய்ந்து ஆண் பன்றியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "இவனுக்குப் போட்டீங்களா?" "இவனுக்கு எதுக்கு? ஊசின்னாலே நடுங்குவான், பாவம்." "ஒண்ணு விடாம போடணும்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே! சினைக்கு எல்லாத்தையும் இவன்கூடத்தானே சேர்த்து விடுறோம்?" "இவனுக்குத்தான் சொறியே இல்லையே. ஒரு நாளாவது சுவத்துல தேய்ச்சிருப்பானா?" அவள் தடுப்புக்குள் கையை விட்டு, ஆண் பன்றியின் பெரிய காதைத் திருப்பிப் பிடிக்கிறாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பொருக்கு, அடை அடையாக. "எப்படித் தேய்ப்பான்? நாள் பூரா நீங்கதானே சொறிஞ்சு விடுறீங்க!" கணவனின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. ஆண் பன்றி கண்ணைத் திறந்து, நின்றுபோன கையை மூக்கால் முட்டி முட்டிக் கேட்கிறது.