வாயெல்லாம் பல்

பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டும் போஸ்டர்களைத் தின்றே வளர்ந்த ஆடு செவலை. காகிதத்தைவிட அதன் பின்னால் இருக்கும் மைதாப் பசைதான் அதற்கு உயிர். எப்போதும் பசை தடித்திருக்கும் ஓரத்தில்தான் முதலில் வாய் வைக்கும்.

அன்று காலை புதிதாக ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்ததும் மெல்லுவதையே மறந்து நின்றது. படத்தில் ஓர் ஆடு! தலையில் தொப்பி, கையில் கரண்டி, வாயெல்லாம் பல்.

“சுவரண்ணே, நம்மாளு எதுக்கு இப்படிச் சிரிக்கிறான்?”

“என்மேல வர்றவங்க எல்லாருமே சிரிச்சுக்கிட்டுதான் வருவாங்க, தம்பி,” என்றது சுவர். “ஆதியில விளம்பரம்னா தண்டோராதானாம், என் அடிக்கல் சொல்லும். பறையடிச்சுக் கத்தினாப் போதும், முகமே தேவைப்படல. அப்புறம் என்மேல சுண்ணாம்புல எழுதினாங்க. ஒருநாள் சோப்புக்காரன் வந்து ஒரு பொண்ணு முகத்தை வரைஞ்சான். அன்னைக்கு ஆரம்பிச்ச சிரிப்பு இது. பல்வலி மருந்துக்கு வந்தவன்கூடச் சிரிச்சான்னா பாரேன்! இப்ப எதிர்ல பெரிய திரை வச்சிருக்காங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பத்துப் பேர் சிரிக்கிறாங்க.”

“சரி, இவன் எதுக்கு வந்திருக்கான்?”

சுவர் கொஞ்சம் தயங்கியது. “நாளைக்கு முக்குல பிரியாணிக் கடை திறக்கிறாங்க.”

“அங்க இவன்தான் சமைக்கப் போறானா?”

“இவன் சமைக்கிறவன் இல்ல, தம்பி,” என்றது சுவர்.

செவலை வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தது. பிறகு பின்னங்காலில் எழும்பி, பசை தடித்த ஓரத்தை விட்டுவிட்டு, முதல் கடியே அந்தச் சிரிப்பில் வைத்தது.