அவள் நகர்த்தாத கை

கலவரமோ வெள்ளமோ, முப்பது ஆண்டுகளில் பத்திரிகைக்காக அவள் கேமராவோடு ஓடாத இடமில்லை. படம் அழகாக வரவேண்டும் என்று ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தி வைத்தவள் அல்ல. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கணவர் வாய் ஓயாமல் சொல்லும் பெருமை அதுதான்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துபோனதும் அவள் வேலையை விட்டாள். தினமும் காலையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவரை ஒரே ஒரு படம் எடுத்தாள்.

"ஊரையெல்லாம் எடுத்துட்டு, கடைசியில இந்த மூஞ்சியா?"

"இத்தனை நாள் இதுக்கு நேரமே கிடைக்கலையேங்க."

எடுத்ததை உடனே பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் இருவரும் வரிசையாகப் பார்த்தார்கள். முதல் படத்தில் வலது கை மடியில் கிடந்தது. பத்தாவதில் நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. இருபதாவதில் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது.

"நீ தூக்கி வெச்சியா?"

"நானா?"

கேட்டதற்கே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாளும் எடுத்தாள். கை மடியில் மரக்கட்டையாகக் கிடந்ததை இருவருமே பார்த்தார்கள். இந்த முறை அப்போதே பார்த்த படத்திலோ முகமும் இல்லை, ஜன்னலும் இல்லை. விரித்த உள்ளங்கை ஒன்று எல்லாவற்றையும் மறைத்திருந்தது. கட்டைவிரலடியில் அவருடைய பழைய வெட்டுத் தழும்பு.

"போதும், வந்து பக்கத்துல உக்காருன்னு சொல்றீங்களா?"

அவர் குனிந்து மடியில் கிடந்த கையைப் பார்த்தார். அவள் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். லென்ஸ் கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை ஒன்று ஈரமாக இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.