இலை அடர்ந்த மரம்

முன்பெல்லாம் மரநாய் இருக்கும் மரத்தைக் காட்டினால் போதும், அதுதான் நல்ல வேட்டைநாய். ராத்திரி வேட்டைப்போட்டி வந்தபின், மரத்தடியில் முதலில் குரைக்கும் நாய்க்கே மார்க். மூக்குக்கு உறுதியாகாமல் செவலை நாய் வாய் திறக்காது. இந்தச் சுற்றிலும் தோற்றால் இனி காட்டுப்பக்கமே கூட்டிவர மாட்டேன் என்று எஜமான் சொல்லிவிட்டார்.

"இலை அடர்ந்த மரமாப் பார்த்துக் குரைங்கண்ணே," என்றது இளைய நாய் சுழியன். "விளக்கடிச்சாலும் நடுவருக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கும்னு மார்க் போட்டுருவாரு."

"இல்லாத மரத்துல எப்படிடா குரைக்கிறது?"

"வாயாலதான்!"

செவலை நிலைகொள்ளாமல் ஒரு புளியமரத்தை மூன்று முறை சுற்றியது. மரநாயின் வாசம் அதைத் தாண்டி அப்பால் போயிருந்தது. செவலை கண்ணை இறுக மூடிக்கொண்டு குரைத்தது. நடுவர் அண்ணாந்து பார்த்துவிட்டு மார்க் போட்டார். எஜமான் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

அடுத்த மொட்டை மரத்திலிருந்து மரநாய் எட்டிப் பார்த்தது. "அப்போ நான் இறங்கட்டுமா?"

"சத்தம் போடாம இறங்கிப் போ," என்றது செவலை.