பெண் கேட்டு வந்த படை

பெண் கேட்ட வேந்தனுக்குக் கொற்றியைத் தர மறுத்துவிட்டார் அவளுடைய தந்தை, அந்தச் சிற்றூரின் தலைவர். வேந்தனின் படை வந்து மதிலைச் சூழ்ந்தது. அண்ணன்கள் இருவரும் போரில் மாண்டார்கள். குளத்தில் நீர் மொள்ளும் பெண்கள் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“என்னைக் கொடுத்துவிடுங்கள், அப்பா. ஊராவது பிழைக்கட்டும்.”

“பயந்து பெண் கொடுத்தவன் நம் குடியில் இல்லை.”

விடியலில் மதிலின் சிறுவாசலைத் திறந்துகொண்டு அவளே பாசறைக்குப் போனாள். படைத்தலைவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

“பிந்திவிட்டாய், அம்மா. வேந்தர் இப்போது பெண் கேட்கவில்லை. ஊரைக் கொளுத்தச் சொல்லிவிட்டார்.”

“அப்படியென்றால் நான் வீட்டுக்குப் போகிறேன்.”

அவன் தடுக்கவில்லை. கொற்றி திரும்பினாள். சிறுவாசலை ஆட்கள் கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். மதில்மேல் நின்று அவர்களைக் கைகாட்டி ஏவிக்கொண்டிருந்தது அப்பாதான்.