அவசரத்துக்கு ஒரு நம்பர்

அந்த ஆள் வண்டியோடு கம்பி நீட்டிவிட்டான் என்று சைஃபுல்லா முடிவு கட்டியபோது மாலை மணி ஆறேகால். ஐந்து மணிக்கே திரும்பியிருக்க வேண்டிய ஸ்கூட்டர். ஆளுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"நான் காலையிலயே சொன்னேன் பாய்," என்று பக்கத்து டீக்கடை வேடியப்பன் கிளாஸ் கழுவிக்கொண்டே ஆரம்பித்தார். "வெளியூரு, தனி ஆளு, கையில ஒரே ஒரு பை. ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வெச்சிருக்கணுமா, இல்லையா?"

சைஃபுல்லா மறுபடியும் ஒருமுறை ராஜமாணிக்கத்தின் நம்பரை அழுத்திப் பார்த்தார். செங்கம் ரோட்டில் அவர் வாடகைக்கு விடுவதற்கு மிஞ்சியிருந்தவை இரண்டே வண்டிகள். மூன்றாவது போன வருஷத் தீபத் திருவிழாவுக்கு இப்படித்தான் போனது, இன்றுவரை வரவில்லை. இதுவும் போனால் கடையை இழுத்து மூடிவிட்டு, ஐம்பது வயதில் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான்.

காலையில் வந்தவர் பெயர் ராஜமாணிக்கம். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். மலையைச் சுற்றி, அடிவாரத்து மண் பாதை, ஏரிக்கரை எல்லாம் ஒருநாள் பூராவும் பார்க்கணும் என்றார்.

"பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஒரு ஹெல்மெட் தரட்டுமா சார்?"

"ஒண்ணு போதும் தம்பி."

அந்தத் தம்பியில்தான் சைஃபுல்லா இளகிப்போனார். பால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை ஊருக்கே அவர் பாய். அவரைத் தம்பி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அண்ணன் சர்தார், அவரும் மௌத்தாகி ஆறு வருஷம் ஆயிற்று. லைசென்ஸ் ஜெராக்ஸே போதும் சார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஃபாரத்தின் கடைசிக் கட்டத்தில் ராஜமாணிக்கத்தின் பேனா நின்றது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய உறவினரின் நம்பர் கேட்கும் கட்டம் அது.

"இதைக் கண்டிப்பா எழுதணுமா தம்பி?"

"ரூல்ஸ் சார். வீட்டம்மா, புள்ளைங்க, யார் நம்பர்னாலும் சரி."

மனிதர் வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். பிறகு சுவரில் தொங்கிய கடைக் காலண்டரை இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்து எழுதி முடித்தார். தேதி பார்க்கிறார் என்று சைஃபுல்லா நினைத்துக்கொண்டார். கார்பன் நகலைக் கிழித்து அவரிடம் கொடுத்தார், அவர் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஃபாரத்துல வீட்டு நம்பர் இருக்கும்ல பாய்? அடிச்சுப் பாரு," என்றார் வேடியப்பன்.

சைஃபுல்லா ஃபாரத்தை எடுத்தார். கடைசிக் கட்டத்தில் 'தம்பி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நம்பர்.

"தம்பியாம். அவனையே கேக்கறேன், என்னய்யா உங்க அண்ணன் இப்படின்னு." ஆத்திரத்தில் என்ன நம்பர் என்றுகூடக் கவனிக்காமல் தன் செல்போனில் அழுத்திக் காதில் வைத்தார்.

அதே நேரம் பார்த்து மேஜைமேல் கிடந்த கடை போன் அலறியது. யாரோ வண்டி கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று அதையும் எடுத்து இன்னொரு காதில் வைத்தார்.

"ஹலோ, யாருங்க?"

'ஹலோ, யாருங்க?' என்று அவர் குரலே அவர் காதுக்குள் கேட்டது.

வேடியப்பன் எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். "பாய்! உன் கடை நம்பரையே உனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான். எமகாதகன்!"

சைஃபுல்லா காலண்டரைப் பார்த்தார். தேதிக்குக் கீழே கொட்டை எழுத்தில் கடையின் பெயர், அதற்கும் கீழே கடை நம்பர். முகம் சுருங்கிவிட்டது. வண்டி போனதைவிட, தம்பி என்று கூப்பிட்டே ஏமாற்றிவிட்டானே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஃபாரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

படி இறங்குவதற்குள் கடை போன் மறுபடியும் அடித்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம்," என்றது ஒரு பெண் குரல். "ராஜமாணிக்கம்னு ஒரு பெரியவர். ஏரிக்கரை மண் ரோட்டுல வண்டி சறுக்கி, மத்தியானத்திலேர்ந்து அங்கயே கிடந்திருக்காரு. ஆடு மேய்க்கறவங்க பாத்துச் சொல்லி இப்பதான் ஆம்புலன்ஸ்ல வந்தாரு. போன் உடைஞ்சு போச்சு. பாக்கெட்ல இருந்த பேப்பர்ல அவசரத்துக்குன்னு இந்த ஒரு நம்பர்தான் இருக்கு."

சைஃபுல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க. தொடை எலும்பு உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். சொந்தக்காரங்க யாராச்சும் கூட இருக்கணும். வேற யார் நம்பராச்சும் சொல்லுங்கன்னு கேட்டா, யாரும் இல்லைன்னு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. நீங்க யாரு பேசறது?"

"சைஃபுல்லா."

"பேஷன்ட் பேரு ராஜமாணிக்கம்ங்க. நம்பர் மாறிப் போச்சா?"

"வண்டி எங்க இருக்குன்னு கேளு பாய்," என்று வேடியப்பன் முழங்கையால் இடித்தார்.

சைஃபுல்லா மடித்த ஃபாரத்தைப் பிரித்து அந்தக் கடைசிக் கட்டத்தை இன்னொரு தடவை படித்தார். யாருமே இல்லாத ஒரு மனுஷன், வெகுநேரம் யோசித்து எழுதிய ஒரு வார்த்தை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"கூடப் பொறந்த தம்பிங்க."