தூங்குகிற குழி

“ஒரு குழி தூங்குதுங்க. யாரும் எறங்கக் கூடாது,” என்றார் கண்ணையன்.

பெருமுக்கல் பக்கம் கிணற்றுப் பாறைக்கு வெடி வைப்பவர் அவர். ஆனால் வேலை நேரத்தில் ‘வெடி’ என்ற சொல்லே வாயில் வராது. வெடித்தால் ‘பேசிடுச்சு’, புகைந்தால் ‘முனகுது’, வெடிக்காமல் கிடந்தால் ‘தூங்குது’. இன்று ஐந்து குழி. பேசியது நாலுதான் என்றார்.

நிலத்துக்காரர் கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. கரும்பு கருகிக்கொண்டிருந்தது. கல்லை அள்ளினால் பொழுது சாய்வதற்குள் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று தவித்தார்.

“அஞ்சும் என் காதால கேட்டேன். மண்ணாங்கட்டி, நீ எறங்குடா.”

கூலியாள் மண்ணாங்கட்டி புதிதாகக் கல்யாணமானவன். மறுத்தால் நாளைக்கு வேலை கிடையாது. தயங்கித் தயங்கிக் கயிற்றை எடுக்கப் போனான். கண்ணையன் முந்திக்கொண்டு போய், புளியமரத்தடியில் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டபாணி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்து கத்தென்று கத்தினார். கண்ணையன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அந்தத் திமிர்தான் நிலத்துக்காரரை இன்னும் கொதிக்க வைத்தது.

“திரி ஈரத்துல முனகிக்கினு இருக்கும். கொஞ்சம் பொறுங்கய்யா,” என்று கெஞ்சினாள் கண்ணையனின் மனைவி அம்மணி. திரி பற்றவைத்துவிட்டு அவர் ஓடி வந்ததும் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பவள். சரியான பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

கோதண்டபாணி கயிற்றைப் பிடுங்கக் குனிந்தார்.

கிணறு அதிர்ந்தது. கல்லும் புகையும் பனை உயரத்துக்குக் கிளம்பின. எல்லோரும் குப்புற விழுந்தார்கள். சத்தம் எதிரே இருந்த பெருமுக்கல் மலையில் மோதி இன்னொரு வெடியாகத் திரும்பி வந்தது. தான் ஐந்தாவது என்று எண்ணியது எதை என்று அப்போதுதான் கோதண்டபாணிக்கு உறைத்தது.

மண்ணாங்கட்டி கண்ணையனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கோதண்டபாணிக்கும் கண் கலங்கிவிட்டது.

“உன் காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடணும், கண்ணையா,” என்றார் பின்னால் நின்றபடி.

கண்ணையன் திரும்பவில்லை. அம்மணிதான் கும்பிட்டாள். பிறகு அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். இன்றைக்கு அது ஐந்தாவது தட்டு. காணை ஊர்க் கிணற்றில் வெடி வைத்தபோது காது இரண்டும் போனதிலிருந்து, ஒவ்வொரு குழி பேசும்போதும் அவருக்கு அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.