அசல் எங்கே?

பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம். கைத்துப்பாக்கியின் வாய் ஒர்னெல்லாவின் மார்பை நேராகப் பார்த்தது.

"அந்தப் பக்கம் திருப்புங்க டாக்டர். காலியா இருந்தாலும் என் பட்டறையில ஆளைப் பார்த்து நீட்டக் கூடாது."

பெர்லெண்டி அதை மேசையில் வைத்தார். பக்கத்தில் அதே போல் இன்னொன்று, பளபளவென்று. பழையதின் பிடியை மட்டும் அவர் கை விடவில்லை. அடியில் இருந்த இரண்டு சிறு பள்ளங்களைக் கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது.

"நானூறு வருஷத்துத் துப்பாக்கி. இதே மாதிரி ஒண்ணு செய்யுன்னு மார்ச்சுல இவகிட்ட கொடுத்தேன். ரெண்டு நகல் செஞ்சு கையில திணிச்சுட்டு அசலை அமுக்கிட்டா."

"நீங்க கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தேன்."

போலீஸ் அதிகாரி ஸனார்தி ஒரு தாளைப் பிரித்தார். "மிலான் நிபுணர் எழுதியிருக்கார். அந்தக் காலத்துல ஒவ்வொரு திருகையும் கையால அராவுவாங்க. ஒண்ணோடது இன்னொண்ணுல போகாதாம். போனா ரெண்டுமே இந்தக் காலத்துதாம். போட்டுக் காட்டும்மா."

ஒர்னெல்லா பழையதிலிருந்து ஒரு திருகைக் கழற்றினாள். புதியதின் துளையில் வைத்துத் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பாத்தீங்களா!" என்றார் பெர்லெண்டி.

"ஒர்னெல்லா, உன்னைச் சின்ன வயசுலேருந்து தெரியும். அதனாலதான் கேக்கறேன்," என்றார் ஸனார்தி. "அசல் எங்க? சொல்லலைன்னா உரிமத்தையும் எடுக்கணும், உன்னையும் கூட்டிட்டுப் போகணும்."

அவள் பெர்லெண்டியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"சரி. ரெண்டும் நான் செஞ்சதுதான்," என்றாள். "பழசாக் காட்டத்தான் பாடுபட்டேன். அந்த ரெண்டு பள்ளம்தான் சொதப்பல். உளி வழுக்கிடுச்சு."

"உளியா?" பெர்லெண்டி பழைய துப்பாக்கியைத் தூக்கி அதிகாரியின் மூக்கருகே நீட்டினார். "நல்லாப் பாருங்க, பல்லு! என் நாய் லாம்போ கடிச்சான். குட்டி அப்போ, என் மடியில உக்காந்துக்கிட்டே கடிச்சான். அவன் செத்ததுலேருந்து இதைத் தொடாம எனக்குத் தூக்கம் வராது. உளியாம்!"

ஸனார்தி பேனாவை மெல்ல மூடினார்.

"துப்பாக்கியை இங்க கொடுத்தது மார்ச்சுல. லாம்போ கடிச்சது எந்த வருஷம், டாக்டர்?"